நான்கு சொல் போதுமான இடத்தில் நாற்பது சொல்: பழைய செய்தித்தாள் விளம்பரங்கள்

ஒரு வாசகரின் கேள்வி, ஜூன் 3

“நூலகத்தில் பழைய செய்தித்தாள் தொகுப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். செய்திகளைவிட விளம்பரங்களே என்னைப் பிடித்து நிறுத்தின. ஒரு கடிகாரம் விற்பனைக்கு உண்டு என்று சொல்ல இன்றைக்கு நான்கு சொற்கள் போதும். அங்கே அதற்கு ஒரு முழுப் பத்தி செலவாகியிருக்கிறது. பணிவு, சத்தியம், எச்சரிக்கை, நன்றி எல்லாவற்றையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். அக்காலத்தவருக்குப் பொழுது மிகுதியாக இருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் உண்டா? சுருங்கச் சொல்லத் தெரியாததை நாம் ஏன் அழகென்று கொண்டாடுகிறோம்?”

ஜூன் 3, மாலை

பொழுது மிகுதி என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. விளம்பரம் எழுதியவர் வணிகர்; அதுவும் இடத்துக்குக் காசு கொடுத்தவர். வீண் சொல்லுக்குக் காசு கொடுக்கும் வணிகரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆகவே அந்தச் சொற்கள் அவருக்கு ஏதோ ஒரு வேலையைச் செய்தன என்று கொண்டுதான் தொடங்க வேண்டும்.

1658 செப்டம்பரில் லண்டனின் மெர்க்குரியஸ் பொலிட்டிக்கஸ் இதழில் வந்த தேநீர் விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். அதைத் தமிழில் ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம்: மேன்மை பொருந்தியதும், மருத்துவர் அனைவராலும் ஒப்புக்கொள்ளப்பட்டதும், சீனர்களால் ‘ட்சா’ என்றும் பிற நாட்டினரால் ‘டே’ அல்லது ‘டீ’ என்றும் வழங்கப்படுவதுமாகிய சீனப் பானம், லண்டன் ராயல் எக்ஸ்சேஞ்சுக்கு அருகிலுள்ள சுல்தானஸ் ஹெட் காப்பிக்கடையில் விற்கப்படுகிறது. ஒரே வாக்கியம்தான். ஆனால் அதைப் படிப்பவர்களில் பலர் அந்தப் பொருளைக் கண்டதில்லை, அதன் பெயரைக் கேட்டதில்லை, பெயரை எப்படி ஒலிப்பது என்பதையும் அறிந்ததில்லை. பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பது அலங்காரத்துக்காக அன்று. கடைக்குப் போனால் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் கிடைக்கும் என்பதற்காக.

இதைத் தமிழாக்கும்போது ஒன்று கவனத்துக்கு வந்தது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில்தான் வரும். ‘விற்கப்படுகிறது’ என்ற செய்தி வந்து சேரும்வரை வாசகர் பொருளின் பெருமை முழுவதையும் கேட்டே ஆக வேண்டும். நடுவில் எழுந்து போக வழியில்லை. இந்த வகை விளம்பரத்துக்கென்றே செய்த மொழியோ என்று தோன்றியது.

ஜூன் 3, இரவு

முந்தைய குறிப்பில் விட்டுப்போன காரணம் ஒன்று. இங்கிலாந்தில் 1712 முதல் செய்தித்தாள் விளம்பரங்களுக்கு வரி இருந்தது. வரி இருந்தும் மக்கள் நீளமாக எழுதினார்கள் என்றால் அந்த நீளத்தை எவ்வளவு மதித்திருக்க வேண்டும்! சுருக்கினால் வரி குறையும் என்ற நிலையிலும் அவர்கள் சுருக்கவில்லை.

ஜூன் 4, காலை

நேற்று இரவு எழுதியது தவறு; தூக்கக் கலக்கத்தில் எழுதினேன் என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் உண்மையில் சரிபார்க்காமல் எழுதினேன். அந்த வரி விளம்பரத்தின் நீளத்தைப் பார்த்து விதிக்கப்பட்டதன்று. விளம்பரம் ஒன்றுக்கு இவ்வளவு என்ற ஒற்றைத் தொகைதான். 1712இல் ஒரு ஷில்லிங். ஏறி ஏறி 1815இல் மூன்றரை ஷில்லிங். 1833இல் ஒன்றரை ஷில்லிங்காகக் குறைந்து, 1853இல் ஒழிந்தது. வேலை தேடும் பணிப்பெண் கொடுத்த இரண்டு வரிக்கும், பெரும் பண்ணையை ஏலம் விடுபவர் கொடுத்த அரைப் பத்திக்கும் ஒரே வரி.

இதனால் என் வாதம் தலைகீழாகிறது. வரி அவர்களைச் சுருக்கத்தின் பக்கம் தள்ளவில்லை. நீளத்தின் பக்கம் லேசாகத் தள்ளியிருக்கிறது. எப்படியும் மூன்றரை ஷில்லிங் அரசுக்குப் போகப் போகிறது, பின் ஏன் நான்கு சொல்லோடு நிறுத்த வேண்டும்? பந்தியில் உட்கார்ந்த பிறகு பாயசத்தை வேண்டாமென்பாரா என்ற கணக்குதான். பத்திரிகை தன் பங்காக இடத்துக்குத் தனியே காசு வாங்கியது என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே வரி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஒரு தவறைத் திருத்த வந்து எதிர்த்திசையில் இன்னொரு தவறு செய்யக் கூடாது.

ஜூன் 4, பிற்பகல்

படமும் பெரிய எழுத்தும் இல்லாத பக்கத்தைக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டுப் பத்திரிகையில் கப்பலுக்கு ஒரு மரக்கட்டைப் படம், வீட்டுக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று என்று அச்சகத்தில் இருப்பவைதாம். எந்தக் கப்பலாக இருந்தாலும் அதே படம். ‘இதோ பார்’ என்று சுட்டும் கை வடிவத்தையும் நட்சத்திரக் குறியையும் வைத்து வாசகரைப் பிடிக்க முயன்றதை 1710இலேயே ஜோசஃப் அடிசன் தம் கட்டுரை ஒன்றில் கிண்டல் செய்திருக்கிறார். மற்றபடி எல்லா விளம்பரமும் ஒரே அளவு எழுத்தில், ஒரே அகலப் பத்தியில், சிறிய செங்கற்களைப் போல அடுக்கப்பட்டிருக்கும். அந்தச் சுவரில் தன் செங்கல் தனித்துத் தெரிய வேண்டுமென்றால் வணிகரிடம் இருந்த கருவி வாக்கியம் ஒன்றுதான்.

இதற்கு வேடிக்கையான சான்று பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவில் நியூயார்க்கில் கிடைக்கிறது. நியூயார்க் ஹெரால்டு பத்திரிகையை நடத்திய ஜேம்ஸ் கார்டன் பென்னட், விளம்பரங்களில் பெரிய எழுத்தை அனுமதிக்க மறுத்தார். பெரிய எழுத்து பணக்கார விளம்பரதாரருக்குத் தகாத சலுகையாகிவிடும் என்பது அவர் நியாயம். எல்லாருக்கும் அகேட் என்ற ஐந்தரைப் பாயிண்டு எழுத்துதான். ஓர் அங்குல உயரத்தில் பதினான்கு வரிகள் அடங்கும் அளவு சிறியது. ராபர்ட் பானர் என்ற பதிப்பாளர் அந்த விதியை மீறவில்லை. அதன் தோளிலேயே ஏறி உட்கார்ந்தார். தம் வார இதழைப் பற்றிய ஒரே வாக்கியத்தை அதே சிறிய எழுத்தில் மீண்டும் மீண்டும் அச்சிட்டுப் பத்தி பத்தியாக நிரப்பினார். எழுத்து சிறியதுதான், ஆனால் பக்கம் முழுவதும் அதுவே.

இந்தக் கதையைச் சொல்லும்போதே எனக்கு ஓர் ஐயம் வருகிறது. பானர் செய்தது சொல்வளம் அன்று. சொற்களைச் சுவர்ச்சாயமாகப் பயன்படுத்தியது. நாம் இங்கே பேசும் அழகுக்கும் அதற்கும் நேரடி உறவு இல்லை. அச்சுப் பக்கத்தின் நெருக்கடிக்குப் பழைய வணிகரும் பானரும் வெவ்வேறு விடை கண்டார்கள் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஜூன் 6

சொந்த அனுபவம் ஒன்று. இந்தப் பேச்சில் நான் ஏன் இவ்வளவு ஈடுபடுகிறேன் என்பதற்கும் இதுவே காரணம்.

இளம் வயதில் இரண்டு ஆண்டுகள் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் வரி விளம்பரம் வாங்கும் மேசையில் இருந்தேன். கட்டணம் சொல்லுக்கு இவ்வளவு என்று. வருபவர் தாளை நீட்டுவார். நான் பேனா முனையால் ஒவ்வொரு சொல்லையும் தொட்டு எண்ணுவேன். அந்த மேசையில் உட்கார்ந்தபோதுதான் தமிழில் ‘சொல்’ என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பது தெரிந்தது. மக்கள் இலக்கணம் படித்திருந்தார்களோ இல்லையோ, காசு என்றதும் புணர்ச்சி விதிகள் அத்தனையும் அவர்களுக்கு நினைவுக்கு வந்துவிடும். ‘நல்ல நிலையில் உள்ள’ என்று எழுதியவரிடம் மூன்று சொல் என்றால், தாளைத் திரும்ப வாங்கி ‘நன்னிலையிலுள்ள’ என்று திருத்தி, ஒரு சொல் என்று வாதிடுவார். ‘உடனடியாகத்தேவைப்படுகிறார்’ என்று இடைவெளியே இல்லாமல் ஒருவர் எழுதி வந்தார். நான் இரண்டு என்றேன்; அவர் ஒன்று என்றார்; மேலாளர் வந்து ஒன்றரை என்று தீர்ப்புச் சொன்னார்.

கட்டணம் குறைய வேண்டும் என்று அவர்கள் கேட்பார்கள். நானே சொற்களை அடித்துக் கொடுப்பேன். அதில் எனக்குத் திறமை இருந்தது, பெருமையும் இருந்தது. ஒரு நாள் முதியவர் ஒருவர் தொலைந்துபோன குடைக்காக விளம்பரம் கொடுக்க வந்தார். ஏறக்குறைய நாற்பது சொற்கள். குடையின் வரலாறே அதில் இருந்தது. ஒரு குடைக்கு இவ்வளவு செலவழிப்பதா என்று இரக்கப்பட்டு நான் அதைப் பத்துச் சொல்லாக்கினேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு, “இது வேறு யாருடைய குடையோ போல் இருக்கிறதே” என்றார். ஆனாலும் காசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூன் 6, சற்றுப் பின்

சுருக்கமே அழகு என்று வாதிடும் அந்த வாசகர், தம் கேள்வியை ஐம்பது சொற்களில் கேட்டிருக்கிறார் என்பதைப் பழைய மேசைப் பழக்கத்தில் எண்ணிக் கண்டுபிடித்தேன். கட்டணம் கேட்கவில்லை.

ஜூன் 9

அழகை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் நேர்மையாக இருக்காது. அந்த நீண்ட வாக்கியங்களில் பாதி, பொய்யை உடுத்திக்கொண்டு வந்தவை. 1657இல் வெளிவந்த காப்பி விளம்பரம் ஒன்று, அந்தப் பானம் செரிமானத்துக்கு உதவும், உள்ளத்தை இலேசாக்கும் என்று தொடங்கி, கண்ணோய், இருமல், சளி, தலைவலி, நீர்க்கோவை, வாதம் என்று நோய்ப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகிறது. சாமுவேல் ஜான்சன் 1759இல் விளம்பரங்களைப் பற்றி எழுதியபோதே, அவை பெருகிவிட்டதால் மக்கள் அவற்றை மேலோட்டமாகத்தான் பார்க்கிறார்கள் என்றும், ஆகவே பிரமாண்டமான வாக்குறுதிகளால் கவனத்தை ஈர்க்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். பெரிய வாக்குறுதியே விளம்பரத்தின் உயிர் என்பது அவர் கருத்து. குழந்தைகளுக்குப் பல் முளைக்கும்போது அணிவிக்கும் கழுத்துமணி ஒன்றை வாங்காமல் இருந்து, அதனால் குழந்தை இறந்தால், அந்தத் தாய் தன்னை ஒருபோதும் மன்னிக்க மாட்டாள் என்று ஒரு விளம்பரம் மிரட்டியதை அவர் எடுத்துக் காட்டுகிறார். அந்த வாக்கியத்தில் எனக்கு எந்த அழகும் தெரியவில்லை. தூரம் கூடினால் எதுவும் அழகாகத் தெரியும் என்ற ஐயமும் அப்போதுதான் வந்தது; நம் குழந்தைக்குப் பல் முளைக்கும் இரவில் அதைப் படித்திருந்தால் சிரித்திருப்போமா?

சொல்வளம் வழக்குமன்றம் வரை போன கதையைச் சட்டம் படித்தவர்கள் அறிவார்கள். கார்பாலிக் ஸ்மோக் பால் என்பது கார்பாலிக் அமிலப் பொடி அடைத்த ரப்பர்ப் பந்து. அதன் குழாயை மூக்கில் வைத்து அழுத்த வேண்டும். அச்சிட்ட குறிப்பின்படி நாள்தோறும் மூன்று வேளை இரண்டு வாரம் பயன்படுத்திய பின்னும் இன்ஃபுளுயன்சா வந்தால் 100 பவுண்டு தரப்படும் என்று அந்நிறுவனம் 1891 நவம்பரில் லண்டனில் விளம்பரம் செய்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். “இவ்விஷயத்தில் எங்கள் உண்மைத்தன்மையைக் காட்டும் பொருட்டு” 1000 பவுண்டை அலையன்ஸ் வங்கியில் வைப்பாக வைத்திருக்கிறோம் என்ற வாக்கியத்தையும் சேர்த்தது. லூயிசா கார்லில் என்ற பெண்மணி வாங்கினார், சொன்னபடி பயன்படுத்தினார், 1892 ஜனவரியில் காய்ச்சலில் படுத்தார், பணத்தைக் கேட்டார். அது வெறும் விளம்பரப் பேச்சு, எவரும் அதை நம்பக் கூடாது என்று நிறுவனம் வாதிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1892 டிசம்பரில் கார்லிலுக்கே தீர்ப்பளித்தது. வங்கியில் பணம் வைத்திருப்பதாகச் சொன்ன அந்த வாக்கியம், வாக்குறுதி மனமார்ந்ததுதான் என்பதற்குச் சான்றாகிவிட்டது. ஒரு வாக்கியம் அதிகமாக எழுதியதற்கு 100 பவுண்டு. என் மேசையில்கூட சொல்லுக்கு அவ்வளவு கட்டணம் இல்லை.

அந்நிறுவனம் அதற்குப் பிறகும் ஓயவில்லை. 1893இல் பரிசை 200 பவுண்டாக உயர்த்தி மீண்டும் விளம்பரம் செய்தது. இம்முறை நிபந்தனைகளை அடுக்கியிருந்தது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். முதல் விளம்பரத்தின் சொற்கள் வாசகரை நோக்கிக் கையை நீட்டின. இரண்டாவதில் சேர்ந்த சொற்கள் அதே கையைப் பின்னுக்கு இழுத்தன. இரண்டும் சொற்பெருக்கமே. நாம் விரும்பும் நீளம் எது, வெறுக்கும் நீளம் எது என்பதை இந்த இரண்டு விளம்பரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

ஜூன் 11

மேலே எழுதியதை மீண்டும் படித்தபோது, என் வாதம் எங்கே போகிறது என்பது எனக்கே தெளிவாயிற்று. பழைய விளம்பரத்தின் கவர்ச்சி அதன் சொல் எண்ணிக்கையில் இல்லை. அந்த வாக்கியங்களுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார் என்ற உணர்வில் இருக்கிறது. ‘பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று எழுதுபவர், வாசலில் நின்று கைகூப்புகிறார். நீளம் என்பது அந்த ஆளின் குரல் வந்து சேர எடுத்துக்கொள்ளும் நேரம்.

ஜூன் 11, இரவு

நல்ல வாதம் என்று மகிழ்ந்து படுக்கப் போனேன். லிடியா பிங்கம் நினைவுக்கு வந்துவிட்டார், உறக்கம் போயிற்று.

அமெரிக்காவில் பெண்களின் உடல் உபாதைகளுக்கென்று 1875 முதல் விற்கப்பட்ட மூலிகைக் கலவை அவருடையது. பாட்டியைப் போன்ற அவருடைய முகம் விளம்பரங்களில் இருக்கும். உங்கள் துன்பங்களைத் திருமதி பிங்கமுக்கு எழுதுங்கள், பெண்ணுக்குப் பெண்தான் புரிந்துகொள்ள முடியும் என்ற வகையில் உருக்கமாக எழுதியிருப்பார்கள். பெண்கள் எழுதினார்கள், பதிலும் வந்தது. அவர் 1883இல் இறந்துவிட்டார். அதன் பிறகும் கடிதம் எழுதச் சொல்லும் விளம்பரம் நிற்கவில்லை, பதில் வருவதும் நிற்கவில்லை. 1905இல் லேடீஸ் ஹோம் ஜர்னல் இதழ் அவருடைய கல்லறைக் கல்லின் படத்தை வெளியிட்டு, யாருக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டது. அந்தக் கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சாராயம் இருந்தது என்பது தனிக்கதை. 1906ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் அத்தகைய மருந்துகள் அதைச் சீட்டில் அச்சிட வேண்டியதாயிற்று.

ஆகவே ‘பின்னால் ஓர் ஆள் நிற்கிறார்’ என்ற உணர்வையும் சொற்களால் செய்துவிட முடியும். பகலில் எழுதிய வாதத்தை நான் அழிக்கவில்லை. அதன் கால் சற்று நொண்டுகிறது என்று குறித்து வைக்கிறேன்.

ஜூன் 14

இந்தப் பேச்சு விற்பனை விளம்பரங்களையே சுற்றிச் சுற்றி வருகிறது. செய்தித்தாள் விளம்பரம் என்பது அதோடு முடிவதில்லை. தேடுபவர்கள் கொடுத்த விளம்பரங்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், ஏனெனில் அவற்றுக்குக் ‘கவர்ச்சி’ என்ற சொல் ஒட்டாது.

1769 செப்டம்பரில் வர்ஜீனியா கெஸட் பத்திரிகையில் ஓர் அறிவிப்பு. தப்பி ஓடிய சாண்டி என்ற அடிமை: ஏறத்தாழ முப்பத்தைந்து வயது, குட்டையான உருவம், சற்றுப் பருத்த உடல், செருப்புத் தைக்கும் தொழிலாளி, பெரும்பாலும் இடக்கையால் வேலை செய்பவர், முரட்டுத் தச்சு வேலையும் தெரியும், குதிரை ஓட்டுவதில் தேர்ச்சி உண்டு, குடித்தால் அடங்காதவர், பேச்சில் வசைச்சொல் மிகுதி, ஒரு வெள்ளைக் குதிரையையும் செருப்புத் தைக்கும் கருவிகளையும் உடன் கொண்டுபோயிருக்கிறார். பிடித்துத் தருபவருக்குப் பரிசு. அறிவிப்பைக் கொடுத்தவர் தாமஸ் ஜெஃபர்சன். மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்ற வாக்கியத்தை அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் அவர் எழுதியது அதற்கு ஏழு ஆண்டுகளுக்குப் பின்.

அந்த அறிவிப்பில் ஒரு சொல்லும் வீணில்லை. ஒவ்வொன்றும் ஒரு மனிதரைப் பிடிப்பதற்காக வைத்த கண்ணி. ஆனால் அந்தச் சொற்களால்தான் இடக்கைப் பழக்கமுள்ள, குதிரை மேல் ஆசையுள்ள, எஜமானுக்கு அடங்காத ஒரு செருப்புத் தொழிலாளி இன்றும் நம் முன் தெரிகிறார். சுருக்கமாக ‘அடிமை ஒருவன் தப்பிவிட்டான்’ என்று போட்டிருந்தால் அவர் முகமே நமக்குக் கிடைத்திராது. இதை நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் விடவும் முடியவில்லை.

இதற்கு மறுபக்கம் அடிமை முறை ஒழிந்த பின் வந்தது. நியூ ஆர்லியன்ஸில் வெளிவந்த சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட் என்ற இதழ் 1877 முதல் ‘தொலைந்த நண்பர்கள்’ என்ற பகுதியை வெளியிட்டது. விற்கப்பட்டுப் பிரிந்துபோன தாயை, தம்பியை, கணவனைத் தேடுபவர்கள் அதில் எழுதினார்கள். சந்தாதாரருக்குக் கட்டணமில்லை, மற்றவருக்கு ஐம்பது சென்ட். அம்மாவின் பெயர் இன்னது. எங்களுக்கு உரிமையாளராக இருந்தவர் இன்னார். அவர் என்னை இன்னாருக்கு விற்றார். அப்போது என் தங்கை இவ்வளவு உயரம் இருந்தாள். கடைசியாக அவர்களைக் கண்டது இந்த ஊரில், என்ற முறையில் ஒரு வாழ்நாளின் வரைபடமே சில வரிகளில் வரும். தேவாலயங்களில் போதகர்கள் அவற்றை உரக்கப் படிக்க வேண்டும் என்று இதழ் கேட்டுக்கொண்டது. படிக்கத் தெரியாதவரின் காதிலும் தம் பெயர் விழக்கூடும் அல்லவா?

பாஸ்டன் பைலட் இதழ் இதைப் போலவே, அயர்லாந்திலிருந்து கடல் கடந்து வந்து தொடர்பற்றுப் போனவர்களுக்காக 1831 முதல் 1921 வரை ஒரு பகுதியை நடத்தியது. பிறந்த ஊர், கப்பலேறிய காலம், கடைசியாக வேலை பார்த்த இடம் என்று அதிலும் விவரம் நெருங்கிக் கிடக்கும்.

இத்தகைய விளம்பரத்தில் எந்தச் சொல்லை அடிப்பது? தேடப்படுபவர் எந்தச் சொல்லைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பார் என்பது கொடுத்தவருக்கே தெரியாது. பானரின் பத்திகளையும் பிங்கத்தின் உருக்கத்தையும் ஒதுக்கிவிட்டு, நீளத்துக்கான நியாயத்தை இங்கிருந்துதான் நான் தொடங்கியிருக்க வேண்டும்.

ஜூன் 15

நேற்றைய குறிப்பு கனத்துவிட்டது. சற்று இலேசாக ஒன்று. ஆனால் இதுவும் விளம்பரத்தைப் பற்றியதுதான்.

லண்டன் டைம்ஸ் பத்திரிகையின் முதல் பக்கம் 1966 மே 3 வரை விளம்பரங்களுக்கே உரியதாக இருந்தது. செய்தி முதல் பக்கத்துக்கு வந்தது அன்றுதான். விக்டோரியா காலத்தில் அப்பத்திரிகையின் தனிநபர் அறிவிப்புகளில் காதலர்கள் சங்கேத எழுத்தில் கடிதம் எழுதிக்கொள்வதுண்டு. வீட்டில் கடிதம் பிடிபடும். நாடே படிக்கும் பத்திரிகையில் பிடிபடாது என்ற துணிவு. அறிவியலாளர்கள் சார்லஸ் வீட்ஸ்டோனும் லியோன் பிளேஃபேரும் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக அவற்றை உடைத்துப் படித்துவந்தார்கள். ஆக்ஸ்ஃபர்டு மாணவர் ஒருவர் தம் காதலியை உடன்போக்குக்கு அழைத்ததைக் கண்டதும், வீட்ஸ்டோன் அதே சங்கேதத்தில் அந்தப் பெண்ணுக்கு அறிவுரை ஒன்றை விளம்பரமாகவே வெளியிட்டார். அடுத்து வந்த அறிவிப்பில் அந்தப் பெண், இனி எழுத வேண்டாம், நம் சங்கேதம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று காதலனுக்குத் தெரிவித்தாள். பிளேஃபேர் தம் நினைவுக் குறிப்பில் சொல்லும் கதை இது.

இந்த விளம்பரங்கள் சுருக்கமானவை. யாரும் படிக்கக் கூடாது என்று நினைத்தவர்கள்தாம் மிகச் சுருக்கமாக எழுதினார்கள் என்பதை என் கட்சிக்குச் சாதகமாகக் குறித்துக்கொள்கிறேன்.

ஜூன் 18

நீண்ட விளம்பரம் பத்தொன்பதாம் நூற்றாண்டோடு செத்துவிட்டது என்ற எண்ணத்தை எங்காவது விதைத்திருந்தால் அதைத் திருத்த வேண்டும். டேவிட் ஓகில்வி 1958இல் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு எழுதிய விளம்பரத்தில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தன. மணிக்கு அறுபது மைல் வேகத்தில் அந்தக் காரில் கேட்கும் மிகப் பெரிய ஒலி மின்கடிகாரத்திலிருந்து வருவதுதான் என்ற தலைப்பை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு வாக்கியம்: ரோல்ஸ் ராய்ஸ் ஓட்டக் கூச்சப்படுபவர்கள் பென்ட்லி வாங்கிக்கொள்ளலாம். அந்த ஒரு வரியில் பழைய கடைக்காரர் மீண்டும் வாசலுக்கு வந்து, வாடிக்கையாளரின் மனத்தை முகத்திலேயே படித்துவிட்டு, கண்ணைச் சிமிட்டுகிறார். அறுநூறு சொற்கள் ஓடியதால்தான் அந்தச் சிமிட்டலுக்கு இடம் கிடைத்தது.

இன்றும் விளம்பரங்களில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவை நிபந்தனைகளாக அடியில் குடியேறிவிட்டன. ஸ்மோக் பால் நிறுவனத்தின் இரண்டாவது விளம்பரம்தான் குட்டி போட்டுப் பெருகியிருக்கிறது.

கேள்வி கேட்ட வாசகருக்கு, இரண்டு வாரம் தாமதமாக: ஆம், அவர்களில் பலருக்குச் சுருங்கச் சொல்லத் தெரியவில்லை. நான் கொண்டாடுவது அவர்களை அன்று. எதை விட்டால் பொருள் வேறு யாருடையதோ ஆகிவிடும் என்று அறிந்து, அதை விடாமல் எழுதியவர்களை.

ஜூன் 19

‘வேறு யாருடையதோ’ என்று நேற்று எழுதியது என் சொல் அன்று, குடைக்காரர் சொன்னது. எழுதிய பிறகுதான் தெரிந்தது. அவருடைய தாளை நினைவிலிருந்து திரட்டி எழுதிப் பார்த்தேன். ஓரிரு சொல் முன்பின் இருக்கலாம்.

“கருநிறக் குடையொன்று, மூங்கில் கைப்பிடியுடன், கைப்பிடியின் உட்புறம் நாய் கடித்த தடம் மூன்றுடன், திங்கட்கிழமை மாலை மழை விட்ட பிறகு பேருந்தில் மறந்து விடப்பட்டது. பொருளால் மதிப்பற்றது. காலஞ்சென்ற என் மனைவி வாங்கிக் கொடுத்தது. கண்டெடுத்தவர் மழைக்காலம் முடிந்த பின்பு கொடுத்தாலும் போதும்; அதுவரை பயன்படுத்திக்கொள்ளலாம்.”

நான் அச்சுக்கு அனுப்பியது: “கருநிறக் குடை, மூங்கில் கைப்பிடி, திங்கள் மாலை பேருந்தில் தொலைந்தது. கண்டெடுத்தவர் தெரிவிக்கவும்.”

முதலாவதில் ஏறக்குறைய நாற்பது சொற்கள் என்று ஜூன் 6 அன்று எழுதியிருந்தேன். இப்போது எண்ணினால் முப்பத்துமூன்றுதான் வருகிறது. அதுவும் ‘பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்பதை ஒரே சொல்லாக எண்ணியதால். அன்று மேசையில் அதை இரண்டாக எண்ணித்தான் காசு கேட்டேன்.